பனிக்கடலுக்கு ஒரு நாள் போதுமா?

சென்ற திங்கள் நம் சங்கக் கூட்டத்தில் நடந்த படக்காட்சியை வந்திருந்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். நம் சங்கத்தின் பழைய உறுப்பினர் ஒருவர், இப்போது ஐரோப்பாவில் பணிபுரிபவர், விடுமுறைக்கு வந்திருந்தார். வடதுருவத்தை அடுத்துள்ள ஸ்வால்பார்டு தீவுகளுக்குச் சென்று, காலையில் படகேறிப் பனிக்கடலைச் சுற்றிப் பார்த்து, மாலையில் கரை திரும்பிய கதையைப் படங்களோடு சொன்னார். நீலம் பாய்ந்த பனிப்பாளங்கள். அவற்றின்மேல் சோம்பிக் கிடந்த சீல் என்னும் கடல்நாய்கள். வெகு தொலைவில் மங்கலான மஞ்சள் புள்ளியாக ஒரு பனிக்கரடி! புனேயின் கோடை வெயிலில் வியர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருந்த நமக்கு அந்தப் படங்களே குளிர்ந்தன.

காட்சி முடிந்ததும் நண்பர் ஒருவர் எழுந்தார். "ஆளுக்குக் கொஞ்சமாக மாதந்தோறும் சேர்ப்போம். படிப்பு முடிந்து வேலைக்குப் போன பிறகும் சேர்ப்போம். என்றாவது ஒரு நாள் நாம் எல்லோரும் சேர்ந்து போய் அந்தப் பனிக்கடலை ஒரே ஒரு நாளாவது கண்ணால் கண்டு வருவோம்!" என்றார். கைதட்டல் ஓய நெடுநேரம் ஆயிற்று. ஒரு குழுவும் அமைத்துவிட்டார்கள்.

நான் கை தட்டவில்லை. மறுத்துப் பேசவும் இல்லை. விருந்தினர் முன்னிலையில் எதிர்வாதம் செய்வது முறையன்று என்று வாளாவிருந்தேன். இப்போது இதழாசிரியர் இடம் கொடுத்திருக்கிறார். என் கருத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: அந்த ஒரு நாள் பயணம் வேண்டா என்பது என் கட்சி. ஏன் வேண்டா என்று சொல்வதற்குமுன், அன்றிரவு நடந்த ஒரு பேச்சைச் சொல்லவேண்டும்.

அண்ணன் கேட்ட கேள்வி

நான் இருப்பது ரஞ்சன்காவில். புனேயிலிருந்து நகர் செல்லும் பெருஞ்சாலையில் ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர் தொலைவு. அட்ட விநாயகர் தலங்களில் ஒன்றான மகாகணபதி கோயிலால் பெயர்பெற்ற சிற்றூர். இன்று தொழிற்பேட்டையாலும் பெயர்பெற்றுவிட்டது. எல்.ஜி., வேர்ல்பூல், ஹையர் எனக் குளிர்சாதனப் பெட்டி செய்யும் நிறுவனங்களின் தொழிற்சாலைகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் ஊர் இது. அத்தகைய தொழிற்சாலை ஒன்றில்தான் என் அண்ணன் வேலை செய்கிறார். அவர் சம்பளத்தில்தான் நான் படிக்கிறேன். இருவரும் ஓர் அறையில் இருக்கிறோம். அந்த அறையில் குளிர்சாதனப் பெட்டி கிடையாது!

அன்று கடைசிப் பேருந்தில் வந்து இறங்கி, அண்ணனிடம் படக்காட்சியைப் பற்றிச் சொன்னேன். இரவுப் பணிக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தவர் கேட்டார்:

"நல்லாத்தான் இருக்கு, தம்பி. ஆனா அந்தப் பனி குறையுது குறையுதுன்னு சொல்றாங்களே, குறைஞ்சா நமக்கு என்ன?"

இந்தக் கேள்வி எளிதாகத் தோன்றும். ஆனால் நாற்பது பட்டதாரிகள் கூடியிருந்த நம் கூட்டத்தில் இதை ஒருவரும் கேட்கவில்லை. "எப்படிப் போவது? எவ்வளவு ஆகும்? கரடி அருகில் வருமா?" என்றுதான் கேட்டோம். ஆகவே அண்ணனுக்குச் சொன்ன விடையையே இங்கே விரித்துச் சொல்கிறேன்.

உப்பளமும் உறைந்த கடலும்

நாங்கள் தூத்துக்குடிப் பக்கம். அப்பா உப்பளத் தொழிலாளி. கடல்நீரைப் பாத்தியில் கட்டினால் வெயில் நீரைக் கொண்டுபோகிறது. உப்பு நமக்கு நிற்கிறது. துருவத்தில் நடப்பதும் இதுதான், தலைகீழாக நடக்கிறது. கடல்நீர் ஏறத்தாழ மைனஸ் 1.8 பாகையில் உறைகிறது. உறையும்போது பனிக்கட்டி நல்ல நீரைத் தனக்கு எடுத்துக்கொண்டு, உப்பைப் புறந்தள்ளுகிறது. புதிய கடற்பனியில் சிறு சிறு குழல்களில் உப்புநீர் தங்கியிருக்கும். ஆண்டுகள் செல்லச் செல்ல அதுவும் வடிந்துவிடும். பல ஆண்டு முதிர்ந்த கடற்பனியை உருக்கிக் குடிக்கலாம்.

தள்ளப்பட்ட உப்பு எங்கே போகிறது? அடியிலுள்ள நீரில் கலந்து அதனைக் கனமாக்குகிறது. கனத்த குளிர்நீர் ஆழத்தில் இறங்குகிறது. இறங்கி, கடலின் தரையோடு தரையாக ஊர்ந்து உலகெங்கும் பரவுகிறது. தென்துருவக் கரையில் அப்படி இறங்கிய நீர் நம் இந்துமாக்கடலின் அடியாழத்துக்கும் வந்து சேர்கிறது. ஆக, தூத்துக்குடிக் கடலுக்கும் அந்தப் பனிக்கடலுக்கும் உறவு இல்லை என்று எவன் சொல்வான்?

இன்னொன்று: பனி ஓர் ஆடி. புதுப்பனி மூடிய கடற்பனி தன்மேல் விழும் ஞாயிற்றின் ஒளியில் நூற்றுக்கு எண்பது பங்குக்கு மேல் திருப்பி அனுப்பிவிடும். திறந்த கடலோ நூற்றுக்கு ஆறு பங்கைத்தான் திருப்பும். எஞ்சியதை விழுங்கிச் சூடேறும். எனவே பனி சுருங்கினால் கடல் சூடேறுகிறது. கடல் சூடேறினால் பனி மேலும் சுருங்குகிறது. கடனுக்கு வட்டி கட்டக் கடன் வாங்கியவன் கதை!

கடற்பனி கரைந்தால் கடல்மட்டம் உயர்ந்துவிடும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். நேரடியாக உயராது, குவளையில் மிதக்கும் பனிக்கட்டி கரைவதால் தண்ணீர் ததும்புவதில்லை அல்லவா? கடல்மட்டத்தை உயர்த்துவது நிலத்தின்மேல் கிடக்கும் பனி. ஆனால் கரையோரக் கடற்பனி அந்த நிலப்பனிக்கு ஒரு காவல். காவல் போனால் அலை நேரே சென்று மோதும். அப்போது உப்பளத்தின் வரப்பு எத்தனை நாளைக்குத் தாங்கும் என்று அப்பாவைத்தான் கேட்கவேண்டும்.

எவ்வளவு பனி? தென்துருவத்தைச் சூழ்ந்த கடலில் பிப்ரவரியில் ஏறத்தாழ 30 இலட்சம் சதுர கிலோமீட்டர். அதாவது நம் நாட்டின் பரப்பளவுக்குச் சற்றே குறைவு. செப்டம்பரில் அது 180 இலட்சத்துக்கு மேல் விரியும். ஒவ்வோர் ஆண்டும் ஐந்து பாரத நாடுகள் கடல்மேல் எழுந்து மறைகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள்! 2023 ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் அது 170 இலட்சத்தைக்கூட எட்டவில்லை. 1979 முதல் செயற்கைக் கோள்கள் எடுத்துவரும் கணக்கில் அவ்வளவு குறைந்த குளிர்காலப் பனி அதற்குமுன் பதிவானதில்லை. வடதுருவத்திலோ, கோடை முடிவில் 70 இலட்சம் அளவில் எஞ்சிநின்ற பனி 2012 செப்டம்பரில் 34 இலட்சமாகச் சுருங்கிற்று.

சந்திக்காத இருவர்

எங்கள் ஊர்க் கடைத்தெருவில் ஒரு விளம்பரத் தட்டி இருக்கிறது. குளிர்சாதனப் பெட்டி ஒன்றின் இருபுறமும் ஒரு பனிக்கரடியும் ஒரு பெங்குவினும் கை கோத்து நிற்கின்றன. நம் சங்கத்து அழைப்பிதழிலும் அப்படித்தான் அச்சிட்டிருந்தோம்! அன்பர்களே, அவ்விரண்டும் ஒன்றையொன்று கண்டதே இல்லை. கரடி வடக்கில், பெங்குவின் தெற்கில். இடையே உலகத்தின் முழு நீளமும் கிடக்கிறது. விஞ்ஞானம் படிக்கும் நாமே அழைப்பிதழில் அந்தத் தவற்றைச் செய்தோம் என்பதை நாணத்தோடு ஒப்புக்கொள்ளவேண்டும்.

அவற்றுக்குள் ஓர் ஒற்றுமை உண்டு. இரண்டுக்கும் கடற்பனியே வாழ்வு. கரடி நீரில் நீந்தி சீலைப் பிடித்துவிட முடியாது. பனியில் சீல் மூச்சுவிட வைத்திருக்கும் துளையருகே காத்துக் கிடந்துதான் பிடிக்கும். பனி இல்லாத நாளெல்லாம் அதற்குப் பெரும்பாலும் பட்டினி நாள்.

பேரரசப் பெங்குவினின் கதையோ நெஞ்சை உருக்குவது. தாய் முட்டையிட்டுவிட்டுக் கடலுக்கு இரை தேடிப் போய்விடும். தந்தை அந்த ஒற்றை முட்டையைத் தன் பாதங்களின்மேல் ஏந்தி, வயிற்றுத் தோலால் மூடி, நீண்ட துருவ இரவில் இரண்டு திங்களுக்கு மேல் ஒரு வாய் இரையுமின்றி நிற்கும். நிற்பது பெரும்பாலும் நிலத்திலன்று. கரையோடு ஒட்டி உறைந்த கடற்பனியின்மேல். குஞ்சுக்கு நீர் புகாத இறகு முளைக்கும்வரை அந்தப் பனி உடையாமல் இருக்கவேண்டும். 2022 ஆம் ஆண்டின் இறுதியில் பெல்லிங்ஸ்ஹாசென் கடலில் பனி முன்னதாகவே உடைந்தது. அங்கிருந்த ஐந்து பெங்குவின் குடியிருப்புகளில் நான்கில் அவ்வாண்டுக் குஞ்சுகள் பிழைக்கவில்லை என்று பிரிட்டிஷ் ஆராய்ச்சியாளர்கள் வானிலிருந்து எடுத்த படங்களைக் கொண்டு 2023-இல் அறிவித்தார்கள். தந்தையின் தவம் பொய்க்கவில்லை. காலடியிலிருந்த தரை பொய்த்துவிட்டது.

ஒரு நாள் எதைக் காட்டும்?

இப்போது நம் பயணத்துக்கு வருவோம். காலையில் போய் மாலையில் திரும்புகிறவன் எதைக் காண்பான்? அன்றைய பனியைக் காண்பான். அது சென்ற ஆண்டு எங்கே நின்றது, வரும் ஆண்டு எங்கே நிற்கும் என்பது அவன் கண்ணுக்குத் தெரியாது. நோயாளியை ஒரு கணம் எட்டிப் பார்த்தவனுக்குக் காய்ச்சல் ஏறுகிறதா, இறங்குகிறதா என்று தெரியுமா? நாடியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனுக்கே தெரியும்.

அருகில் போய்ப் பார்க்கலாம் என்பதும் இனி நடவாது. ஸ்வால்பார்டில் 2025 ஜனவரி முதல் பனிக்கரடியிடமிருந்து 300 மீட்டராவது விலகியிருக்கவேண்டும் என்பது சட்டம். மார்ச்சு முதல் ஜூன் வரை 500 மீட்டர். தென்துருவத்தில் ஒரு கப்பலிலிருந்து ஒரே நேரத்தில் நூறு பேருக்கு மேல் கரையிறங்கக் கூடாது என்பது உடன்பாடு. அவ்வளவு கட்டுப்பாடு இருந்தும், இப்போதெல்லாம் ஒரு பருவத்தில் ஓர் இலட்சம் பேருக்கு மேல் தென்துருவத்துக்குச் சுற்றுலாக் கப்பலேறுகிறார்கள். இந்தக் கட்டுப்பாடுகளை நான் குறை சொல்லவில்லை, வரவேற்கிறேன். ஆனால் 300 மீட்டருக்கு அப்பாலுள்ள ஒரு மஞ்சள் புள்ளியைக் காண, நாம் எண்ணாயிரம் கிலோமீட்டருக்கு மேல் பறக்கவேண்டுமா என்றுதான் கேட்கிறேன்.

பறப்பதற்கும் ஒரு விலை உண்டு. டிர்க் நோட்ஸ், ஜூலியென் ஸ்ட்ரோவ் என்னும் இரு விஞ்ஞானிகள் 2016-இல் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். நாம் காற்றில் விடும் கரியமில வாயு ஒவ்வொரு டன்னுக்கும் வடதுருவத்துச் செப்டம்பர்ப் பனியில் ஏறத்தாழ மூன்று சதுர மீட்டர் மறைகிறது என்பது அவர்கள் கண்டது. இங்கிருந்து அங்கே விமானத்தில் போய்வர ஆளுக்கு ஒரு டன்னுக்குக் குறையாது. நாற்பது பேர் போனால் 120 சதுர மீட்டர்! நம் சங்கம் கூடும் அறையைவிடப் பெரியதோர் இடம். பனியைக் காணப் போய்ப் பனியைக் கரைத்துவிட்டு வருவது என்ன நியாயம்?

"ஒரு நாளில் பார்த்துவிட்டு வந்துவிடலாம்" என்ற எண்ணத்துக்கு வேறொரு சோக வரலாறும் உண்டு. 1979 நவம்பர் 28 அன்று நியூசிலாந்தின் ஆக்லாந்திலிருந்து காலையில் கிளம்பி, தென்துருவக் கண்டத்தை வானிலிருந்து காட்டிவிட்டு அன்றே திரும்பவேண்டிய விமானம் ஒன்று எரபஸ் மலையில் மோதிற்று. அதிலிருந்த 257 பேரும் மாண்டனர். அச்சுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. அந்த மலை பன்னீராயிரம் அடிக்கு மேல் உயர்ந்த மலை. பகல் வெளிச்சத்தில் அது கண்முன்னே இருந்தது. ஆனாலும் வெண்பனியும் வெண்முகிலும் ஒன்றாய்த் தோன்றியதால் எவர் கண்ணுக்கும் தெரியவில்லை. பனி நிலத்தில் கண் மட்டும் இருந்தால் போதாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

எதிர்க்கட்சியின் வாதம்

நண்பர் சொல்லக்கூடிய மறுமொழி எனக்குத் தெரியும். "கண்டவனுக்குத்தான் அன்பு பிறக்கும். காணாத பொருளுக்காக எவன் கண்ணீர் விடுவான்? எவன் காக்க முன்வருவான்?" வலிமையான வாதம்தான். நானும் ஒருநாள் இப்படித்தான் நினைத்தேன். இதற்கு விடை எந்தப் புத்தகத்திலும் எனக்குக் கிடைக்கவில்லை. அன்றிரவு அண்ணனிடம் கிடைத்தது.

நான் பேசி முடித்ததும் அவர் சொன்னார்: "எங்களுக்கும் பாடம் நடத்தினாங்க, தம்பி. பெட்டிக்குள்ள அடைக்கிற வாயுவை மாத்தினது ஏன்னு. பழைய வாயு மேல போய் ஏதோ ஒரு படலத்தைக் கெடுத்துச்சாம். அது எந்த ஊருக்கு மேல?"

"தென்துருவத்துக்கு மேல, அண்ணே."

அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ எங்க கை அது வரைக்கும் எட்டுதா!" என்றார்.

எட்டுகிறது, நண்பர்களே. குளோரோ புளோரோ கார்பன் என்னும் வாயுக்கள் ஒரு காலத்தில் உலகத்துக் குளிர்சாதனப் பெட்டிகளில் எல்லாம் இருந்தன. அவை மேலே சென்று ஓசோன் படலத்தைச் சிதைக்கும் என்று 1974-இல் மொலினாவும் ரோலண்டும் எச்சரித்தார்கள். 1985-இல் பார்மன், கார்டினர், ஷாங்க்ளின் என்னும் மூவர், தென்துருவத்துக்கு மேலே இளவேனிலில் ஓசோன் பெரிதும் குறைந்துபோவதை உலகுக்கு அறிவித்தார்கள். வாயுவை விட்டவர்கள் பெரும்பாலும் வடபாதியில் வாழ்ந்தவர்கள். ஓட்டை விழுந்ததோ ஆளில்லாத் தென்கோடியில். துருவ இரவின் கடுங்குளிரில் உயரே உண்டாகும் முகில்களின்மேல் குளோரின் விடுபட்டுக் காத்திருந்து, செப்டம்பரில் முதல் கதிர் பட்டதும் ஓசோனைத் தின்னத் தொடங்கியது.

என்ன நடந்தது? 1987-இல் மாண்ட்ரீலில் உடன்பாடு ஏற்பட்டது. 1992-இல் இந்தியாவும் சேர்ந்தது. தொழிற்சாலைகள் வாயுவை மாற்றின. மாற்றாக வந்த வாயுவும் பூமியைச் சூடேற்றுகிறது என்று தெரிந்தபோது, அதையும் குறைக்க 2016-இல் கிகாலியில் ஒப்புக்கொண்டார்கள். 2021-இல் இந்தியா அதனை உறுதி செய்தது. 2047-க்குள் நூற்றுக்கு 85 பங்கு குறைப்பதாக வாக்களித்திருக்கிறது. இன்று வீட்டுப் பெட்டிகள் பெரும்பாலும் ஐசோ பியூட்டேன் என்னும் வாயுவைக் கொண்டு வருகின்றன. அது தீப்பற்றும், ஆகவே அதை அடைப்பவர் மிக விழிப்பாக இருக்கவேண்டும். தென்துருவத்து ஓசோன் 2066 ஆம் ஆண்டு வாக்கில் 1980-இல் இருந்த நிலைக்குத் திரும்பும் என்று உலக வானிலை நிறுவனமும் பிறரும் 2022-இல் மதிப்பிட்டார்கள். நோயாளி பிழைத்துக்கொண்டார்!

பிழைக்க வைத்தவர் யார்? தென்துருவத்தில் தங்கி ஆண்டுக்கணக்கில் அளந்த சிலர். அவர்கள் அளந்ததை நம்பிக் கையெழுத்திட்ட சிலர். அதன்பிறகு, பனியையே வாழ்நாளில் கண்டிராத, ரஞ்சன்காவ் போன்ற ஊர்களில் குழாயைப் பற்றவைத்து வாயுவை அடைத்த பல்லாயிரம் பேர். சுற்றுலாக்காரர் எவரும் இந்தப் பட்டியலில் இல்லை. அன்பு கண்ணால் பிறக்கலாம்; மறுக்கவில்லை. ஆனால் காவல் பிறப்பது அறிவால், பிறகு கையால்.

போனவர்கள் உண்டு

"நம்மவர்க்கும் துருவத்துக்கும் என்ன?" என்று நினைத்துவிடாதீர்கள். டாக்டர் காசிம் தலைமையில் 21 பேர் 1981 டிசம்பரில் கோவாவிலிருந்து கப்பலேறி, 1982 ஜனவரி 9 அன்று தென்துருவக் கண்டத்தில் அடி வைத்தார்கள். அடுத்து 1983-84 பயணத்தில் சென்ற முதல் இரு இந்தியப் பெண் விஞ்ஞானிகளில் ஒருவரான அதிதி பந்த், இதே புனேப் பல்கலைக்கழகத்தில் பி.எஸ்ஸி. படித்தவர்! மற்றவர் நிலவியலறிஞர் சுதீப்தா சென்குப்தா. மைத்ரி 1989 முதலும், பாரதி 2012 முதலும் நம் நிலையங்களாக அங்கே நிற்கின்றன. இஸ்ரோவின் மங்களா மணி தம் ஐம்பத்தாறாம் வயதில் பாரதி நிலையத்துக்குச் சென்று 403 நாட்கள் தங்கினார். ஒரு நாளன்று, நானூற்று மூன்று நாட்கள்!

வடக்கே ஸ்வால்பார்டிலும் 2008 முதல் நமக்கு ஹிமாத்ரி என்னும் நிலையம் உண்டு. நம் விருந்தினர் படகேறிய ஊரிலிருந்து அது வெகு தூரமில்லை. அதனருகேயுள்ள கடலில், 192 மீட்டர் ஆழத்தில், 2014 ஜூலையில் நம்மவர்கள் ஒரு கருவித் தொடரை இறக்கினார்கள். அதை வடிவமைத்ததில் சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்துக்குப் பங்கு உண்டு. இரவும் பகலும் வெப்பத்தையும் உப்பையும் அளப்பது அதன் வேலை. சுற்றுலாப் படகு திரும்பிய பிறகும் அங்கேயே நின்ற கண் அது.

விஞ்ஞானிகள் மட்டுமா? யாழ்ப்பாணத்து அந்தோணி இராஜேந்திரம் 1956-இல் நார்வே சென்று சேர்ந்தார். பின்னாளில், 1980-களிலும் 1990-களிலும், ஈழத்தமிழர் பலர் நார்வேயின் வடகோடியான பின்மார்க் பகுதியில் மீன் பதனிடும் தொழிற்சாலைகளில் வேலை செய்தார்கள். குளிர்காலத்தில் இரு திங்கள் அளவும் ஞாயிறே எழாத ஊர்களில், கத்தியும் கையுறையுமாக நின்று குடும்பத்தைக் காத்தார்கள். அவர்கள் துருவத்தைப் பார்க்கப் போகவில்லை, பிழைக்கப் போனார்கள். ஊர்விட்டு ஊர் வந்து, மராத்தி மண்ணில் வேலை செய்து வீட்டுக்குப் பணம் அனுப்பும் என் அண்ணனைப் போன்றவர்களுக்கு அவர்களின் கதை விளங்கும்.

ஒரு சொல்லில் அடங்காதது

நம் முன்னோர் நிலத்தை ஐந்திணையாக வகுத்தார்கள்; ஆண்டை ஆறு பருவமாக வகுத்து, அவற்றுள் இரண்டுக்கு முன்பனி, பின்பனி என்று பெயரிட்டார்கள். ஆனால் அந்தப் பனி புல்நுனிப் பனி. இன்று நாம் புல்மேல் படிவதையும், வானிலிருந்து வெண்பஞ்சாய் விழுவதையும், மலைமேல் ஆறாய் ஊர்வதையும், கடல் உறைவதையும் எல்லாம் 'பனி' என்ற ஒரே சொல்லால் குறிக்கிறோம். அதனால்தான் கடற்பனிக்கும் நிலப்பனிக்கும் வேறுபாடு நம் கூட்டத்தில் பலருக்கு விளங்கவில்லை. இது மொழியின் குற்றமன்று, நம் சோம்பல். கடலோடு வாழ்ந்தவன் கடலுக்குச் சொல் படைத்தான். பனியை ஆராய்பவன் பனிக்குச் சொல் படைப்பான். இங்கே தமிழ் விழா கொண்டாடினால் மட்டும் போதாது. நாம் படிப்பதைத் தமிழில் சொல்லவும் வேண்டும்.

என் வேண்டுகோள்

'வேண்டா' என்று மட்டும் சொல்லிவிட்டு ஓடுவது ஆண்மையன்று. வேண்டுவது எது என்றும் சொல்கிறேன்.

ஒரு நாள் பயணம் வேண்டுமா? இருக்கிறது! 1962 முதல் நடைபெறும் இந்திய வெப்பமண்டல வானிலை ஆராய்ச்சிக் கழகம் நம் நகரத்துப் பாஷாண் சாலையில் இருக்கிறது. கடலும் காற்றும் பனியும் சேர்ந்து இயங்கும் உலகத்தைக் கணிப்பொறிக்குள் அமைத்துப் பார்க்கும் இடம் அது. முறைப்படி அனுமதி கேட்டு, காலையில் அங்கே போவோம். மாலையில் ரஞ்சன்காவுக்கு வாருங்கள். என் அண்ணனும் அவர் தோழர்களும் குளிர் எப்படிப் பிறக்கிறது என்று சொல்வார்கள். சாலையோர ரசவந்திக் கடையில் சலங்கை ஒலிக்கக் கரும்புச் சாறு பிழிந்து பனிக்கட்டி போட்டுத் தருவார்கள். ஆகும் செலவு பேருந்துக் கட்டணம்தான்.

இரண்டாவது, பயணத்துக்கென்று சேர்க்கத் தொடங்கிய பணத்தைத் திருப்பித் தரவேண்டா. துருவத்தில் குளிர்காலம் கழித்து வந்த ஒருவரை அழைத்துப் பேசச் செய்வோம். அந்தப் பேச்சையும் அதற்கு வேண்டிய சொற்களையும் தமிழில் இந்த இதழிலேயே அச்சிடுவோம்.

மூன்றாவது, நம் உறுப்பினருள் எவரேனும் துருவ ஆராய்ச்சியில் இறங்க விரும்பினால், அவருக்கு நூல் வாங்கவும் நேர்முகத்துக்குப் போய்வரவும் எஞ்சிய தொகை துணையாகட்டும். நாற்பது பேர் ஒரு நாள் போவதைவிட, நம்மில் ஒருவர் ஓராண்டு போய்வருவது சங்கத்துக்குப் பெருமை, நாட்டுக்கும் பயன்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த ஒருவராக இருக்கவேண்டும் என்ற ஆசை எனக்கும் உண்டு. அடுத்த ஆண்டு படிப்பு முடிகிறது. வேலைக்குப் போய் அண்ணனின் சுமையைக் குறைப்பதா, ஆராய்ச்சிக்குப் போய் இன்னும் சில ஆண்டு அவர் தோளில் ஏறியிருப்பதா என்று நான் கலங்கிக்கொண்டிருக்கிறேன். அன்றிரவு அண்ணனிடம் இதைச் சொல்லவும் சொன்னேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்:

"போறதுன்னா ஒரு நாளைக்குப் போகாதே. நாங்க மாத்தின வாயு சரியா வேலை செய்யுதான்னு பார்த்து வந்து சொல்லு."

தொழிற்சாலைப் பேருந்து வந்து நின்றது. அவர் ஏறிப் போய்விட்டார். அவர் கேட்டதற்கு விடை ஒரு நாளில் கொண்டுவரக் கூடியதன்று. ஆகவேதான் நண்பர்களே, அன்று நான் கை தட்டவில்லை.

— எம்.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டு மாணவர், ரஞ்சன்காவ்